நாய்க்கு எதற்கு லைசென்ஸ்?



விதை, உரம், பூச்சிமருந்து என்று பேசுகிற இடத்திலே இன்றைக்கு நாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "நாயைப் பற்றிப் பேச என்னய்யா இருக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நிறையவே இருக்கிறது. களத்து நெல்லுக்கும் கிடை ஆட்டுக்கும் ராத்திரி காவல் இருப்பது நாய்தான். அதற்கு வெறி பிடித்துவிட்டால் வீட்டுப் பிள்ளைக்கும் கறவை மாட்டுக்கும் எமனாக வருவதும் அதே நாய்தான். இதிலே நமக்கு முந்தினவர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரிந்துகொண்டால் நமக்கு நல்லது.

சென்னைக்கு வடக்கே துறைமுகத்தை ஒட்டி ராயபுரம் என்று ஓர் இடம். தென்னிந்தியாவிலேயே முதல் ரயில் 1856-இல் அங்கிருந்துதான் புறப்பட்டது. பக்கத்திலே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். இன்னும் வடக்கே போனால் திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். ஜனநெருக்கடி மிகுந்த பகுதி. அங்கே 2023-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி ஜி.ஏ. ரோட்டிலே ஒரு தெருநாய் போவோர் வருவோரையெல்லாம் கடிக்க ஆரம்பித்தது. இருபத்தைந்து பேருக்கு மேல் கடிபட்டார்கள். ஜனங்கள் திரண்டு அந்த நாயை அடித்துக் கொன்றார்கள். கடிபட்டவர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலே சிகிச்சை நடந்தது. செத்த நாயைப் பரிசோதித்தபோது அதற்கு வெறிநோய் இருந்தது உறுதியாயிற்று.

ஒரே ஒரு நாய்! அதற்கு முன்கூட்டியே ஓர் ஊசி போட்டிருந்தால் அன்றைக்கு அத்தனை பேர் அலறியிருக்க வேண்டியதில்லை. ஊசி ஏன் போடவில்லை? அது யாருடைய நாய் என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கணக்கிலும் இல்லாத நாய் அது. நாய் லைசென்ஸ் என்ற பேச்சு இந்த இடத்திலேதான் ஆரம்பிக்கிறது.

வரி போட்ட கதை

நாய்க்குக் காசு வசூலிப்பது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. இங்கிலாந்திலே 1796-லேயே நாய் வரி வந்துவிட்டது. 1867-இல் அதை லைசென்ஸ் ஆக்கி, வருஷத்துக்கு நாய் ஒன்றுக்கு 5 ஷில்லிங் என்றார்கள். 1878-இல் அதை ஏழரை ஷில்லிங் ஆக்கினார்கள். அதோடு சரி. நூறு வருஷத்துக்கு மேல் கட்டணம் அப்படியே நின்றது. காசின் மதிப்போ இறங்கிக்கொண்டே போயிற்று. கடைசியில் வசூலிக்கிற செலவுக்குக்கூட வரவு கட்டவில்லை. நாய் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் லைசென்ஸ் எடுப்பதையே விட்டுவிட்டார்கள். 1987-இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

"அப்படியானால் அங்கே வெறிநோய் எப்படி ஒழிந்தது?" என்று கேட்பீர்கள். லைசென்ஸ் காசால் ஒழியவில்லை. நாம் சூடு அடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடு போடுகிறோமே, அதுபோல வெறிநோய் கண்ட பகுதிகளிலே நாய்க்கெல்லாம் வாய்க்கூடு போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற நாயைத் தனியே அடைத்துவைத்துப் பார்த்த பிறகே உள்ளே விட்டார்கள். 1902-க்குள் நோய் ஒழிந்தது. முதல் உலக யுத்தம் முடிகிற சமயத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது. 1922-க்குள் அதையும் ஒழித்தார்கள்.

வரி என்பது ஏழையின் தலையிலே விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. நியூசிலாந்து தீவிலே ஹொக்கியாங்கா என்ற பகுதி. அங்கே வாழ்ந்த மாவோரிப் பழங்குடி மக்கள் மேல் நாய்க்கு இவ்வளவு என்று வரி விதித்தார்கள். இன்றைக்கு நாய்க்கு வரி கேட்பவன் நாளைக்கு மனுஷனுக்கும் கேட்பான் என்று சொல்லி, ஹோனே டோயா என்பவர் தலைமையில் 1898-இல் அவர்கள் துப்பாக்கியோடு கிளம்பிவிட்டார்கள். சர்க்கார் பட்டாளத்தை அனுப்பிற்று. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லாமல் முடிந்தது.

ஆப்பிரிக்காவிலே அப்படி முடியவில்லை. இன்றைய நமீபியாவின் தென்பகுதியிலே பொண்டல்ஸ்வார்ட் என்று ஒரு கூட்டத்தார். ஆடு மாடு மேய்ப்பதும் வேட்டையாடுவதும் அவர்கள் பிழைப்பு. நாய் இல்லாவிட்டால் மந்தையை நரி கொண்டுபோய்விடும், வேட்டையும் கிடைக்காது. அந்த நாய் மேலேயே பெரிய வரியைப் போட்டார்கள். கையிலே காசு புழங்காதவன் எங்கே போவான்? மற்ற குறைகளும் சேர்ந்துகொண்டு 1922-இல் கலகம் மூண்டது. ஆகாய விமானத்திலிருந்து குண்டு போட்டு அதை அடக்கினார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், "நாய் விற்ற காசு குரைக்குமா?" என்பது நம்ம பழமொழி. நாய் வரிக் காசு மட்டும் சில சமயம் குரைத்துக் கடித்தும் இருக்கிறது. நாயை நம்பிப் பிழைக்கிறவனிடம் அதைக் காட்டிப் பணம் பறித்தால் அது நியாயம் இல்லை. அவன் நாயை ஒளிப்பான், இல்லையென்றால் தெருவிலே விட்டுவிடுவான். தெருநாய் பெருகத்தான் அது வழி.

கொன்று பார்த்த கதை

இனி நம்ம சென்னைக்கு வருவோம். சென்னை நகர நிர்வாகம் 1688-இல் ஏற்பட்டது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்கிற வேலையை அது 1860-வாக்கில் தொடங்கியது. நாய் வண்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சுருக்குப் போட்டு நாயைப் பிடித்து, கூண்டு வண்டியிலே அடைத்துக்கொண்டு போவார்கள். வண்டியைக் கண்டதும் வடசென்னைப் பிள்ளைகள் தங்கள் நாயை வீட்டுக்குள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திய காலம் அது. பேசின் பிரிட்ஜ் பக்கத்திலே இதற்கென்று கார்ப்பரேஷன் கூடம் ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அங்கே மின்சாரம் பாய்ச்சி நாய்களைக் கொன்றார்கள்.

அந்தக் காலத்து முனிசிபாலிடிகளிலே லைசென்ஸுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? கட்டணம் கட்டினால் ஒரு வில்லை கொடுப்பார்கள். அது கழுத்தில் தொங்குகிற நாய் பிழைக்கும். வில்லை இல்லாத நாய் கூண்டுக்குப் போகும். ஆக, லைசென்ஸ் என்பது நாயின் உயிருக்குக் கட்டுகிற கப்பம் மாதிரி இருந்ததே தவிர, அதற்கு நோய் வராமல் காக்கிற ஏற்பாடாக இல்லை.

பம்பாயிலே இந்த நாய் வேட்டையால் ஒரு கலகமே நடந்திருக்கிறது. 1832 ஜூன் மாதம் போலீசார் தெருத்தெருவாக நாய்களைக் கொன்றார்கள். தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்ததால் வீட்டு வாசலில் கிடந்த நாயைக்கூட விடவில்லை. நாயைப் புனிதமாக மதிக்கிற பார்சி மக்கள் பொறுக்காமல் எழுந்தார்கள். மற்ற மதத்தாரும் சேர்ந்துகொண்டு கடையை அடைத்தார்கள். பட்டாளம் வந்துதான் ஊர் அடங்கிற்று.

சென்னையிலே அப்படிக் கலகம் எதுவும் கிளம்பவில்லை. கொல்கிற வேலை ஓசைப்படாமல் வருஷம் தவறாமல் நடந்தது. பலன் என்ன? ப்ளூ கிராஸ் என்ற பிராணிநலச் சங்கம் 1959-இல் சென்னையிலே கேப்டன் சுந்தரம் என்பவரால் தொடங்கப்பட்டது. அவர்கள் எடுத்துச் சொன்ன கணக்கைப் பாருங்கள். நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் கொன்றுகொண்டே வந்தும், 1990-களின் நடுவிலே ஒரு நாளைக்கு 135 நாய் வரை கொல்ல வேண்டியிருந்தது. களை எடுக்க எடுக்கக் குறைய வேண்டும் அல்லவா? இங்கே கூடிக்கொண்டே போயிருக்கிறது. வெறிநோயும் ஒழியவில்லை.

இதன் சூட்சுமம் விவசாயிகளாகிய உங்களுக்குச் சுலபமாகப் புரியும். வேரை விட்டுவிட்டுக் கோரையின் தலையை மட்டும் அறுத்தால் என்ன ஆகும்? மறுபடி தழைக்கும். நாய்க்கு வேர் என்பது தெருவிலே கிடைக்கிற தீனி. காசிமேட்டில் மீன் கழிவு, கொடுங்கையூரில் குப்பைமேடு, தெருமுனையில் எச்சில் இலை. தீனி அப்படியே இருக்க, பத்து நாயைப் பிடித்துப்போனால் பக்கத்துத் தெருவிலிருந்து வேறு நாய் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெட்டை நாய் ஏழெட்டு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஏறக்குறைய 63 நாளில் ஈன்றுவிடும். ஓர் ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி. தின்ன ஆள் குறைந்தால் பிழைக்கிற குட்டி கூடும். தவிர, நாய் வண்டிக்காரரிடம் சுலபமாகச் சிக்குவது மனுஷரிடம் பழகிய சாது நாய்தான். பயந்த நாயும் முரட்டு நாயும் ஓடித் தப்பித்து வம்சத்தைப் பெருக்கும்.

ஊசி வந்த கதை

கடிபட்டவர்களின் கதையும் கேளுங்கள். 1885 ஜூலையிலே பிரான்சு தேசத்து விஞ்ஞானி லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். நம் நாட்டிலே அந்தச் சிகிச்சை 1900-இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் தொடங்கியது. தெற்கே இருப்பவர்கள் என்ன செய்வது? கடிபட்டவர் ரயிலேறி நாட்டின் அடுத்த கோடிக்குப் போய்ச் சேர நாள் கணக்காகும். 1902-இல் லில்லி என்ற ஆங்கிலேயப் பெண் அப்படிச் சிகிச்சை எட்டாமலே இறந்துபோனாள். அந்தத் துக்கத்திலிருந்துதான் தென்னாட்டுக்கும் ஒரு நிலையம் வேண்டும் என்ற முயற்சி பிறந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த நன்கொடை அதற்கு உதவியது. 1907-இல் நீலகிரி குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும், தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி! ஆட்டின் மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற டாக்டர் 1911-வாக்கில் கண்டுபிடித்த முறை. கூலி வேலையை விட்டுவிட்டுத் தினம் ஆஸ்பத்திரிக்கு நடக்க முடியாமல் பாதியிலே நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். அந்த மருந்து தயாரிப்பு 2004-05-உடன் இந்தியாவிலே நின்றுவிட்டது. இப்போது கையிலே நாலைந்து ஊசி, வலியும் அவ்வளவு இல்லை. அரசு ஆஸ்பத்திரியிலே இலவசம். பதினாலு ஊசிக்குப் பயந்து யாரும் இனி வீட்டிலே உட்கார வேண்டாம்.

கொல்வதை விட்ட கதை

ப்ளூ கிராஸ்காரர்கள் 1964-லேயே ஒரு யோசனை சொன்னார்கள். நாயைப் பிடியுங்கள், ஆனால் கொல்லாதீர்கள். கருத்தடை ஆபரேஷன் செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுங்கள். அந்த நாய் தன் எல்லைக்குள் புதிய நாயை விடாது, குட்டியும் போடாது, நோயும் பரப்பாது என்றார்கள். முப்பது வருஷம் யாரும் காதிலே போட்டுக்கொள்ளவில்லை. 1995-இல் தென்சென்னையில் தொடங்கி, 1996-இல் நகரம் முழுவதற்கும் கார்ப்பரேஷன் இந்த முறையை ஏற்றது. கொல்கிற கூடம் ஓய்ந்தது. 2001-இல் இந்திய அரசு இதையே தேசம் முழுவதற்கும் விதியாக்கியது. 2023 மார்ச்சில் புது விதிகள் வந்தன. நகரம் மட்டும் இல்லை, கிராமப் பஞ்சாயத்துக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. நாய்க்கு முனிசிபல் எல்லை தெரியாது. ராயபுரம், தண்டையார்பேட்டை வரை சென்னைக் கார்ப்பரேஷன். டோல்கேட்டைத் தாண்டினால் திருவொற்றியூர் நகராட்சி, அதற்கும் வடக்கே எண்ணூர்ப் பக்கம் கத்திவாக்கம் நகராட்சி. 2011-இல்தான் இவையெல்லாம் சென்னையோடு சேர்ந்தன. ஒரு வயலுக்கு மட்டும் மருந்தடித்து அடுத்த வயலை விட்டால் பூச்சி போகுமா? அதே கதைதான்.

சென்னையிலே 2018-இல் எடுத்த கணக்கிலே தெருநாய்கள் சுமார் 57 ஆயிரம். 2024-இல் எடுத்த கணக்கிலே சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம். கருத்தடை ஆனவை ஏறக்குறைய கால் பங்குதான். முறை தப்பில்லை, போட்ட அளவு போதவில்லை. நூறு நாயில் எழுபதுக்காவது ஊசி போட்டால்தான் வெறிநோய்ச் சங்கிலி அறும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முப்பது நாற்பதுக்குப் போட்டுவிட்டு நிறுத்தினால், வேலியிலே பாதி அடைத்துப் பாதி திறந்துவிட்ட மாதிரிதான்.

தமிழ்நாட்டிலே 2024 ஒரே வருஷத்தில் சுமார் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் நாய்க்கடிக்குச் சிகிச்சைக்கு வந்திருக்கிறார்கள். வெறிநோயால் 43 பேர் இறந்தார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி ஓர் உத்தரவு போட்டது. அதே மாதம் 22-ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து அதே இடத்தில் விடலாம், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் விடக்கூடாது என்றது. நவம்பரிலே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அப்புறப்படுத்தச் சொல்லி மேலும் ஓர் உத்தரவு வந்தது.

இன்றைய லைசென்ஸ்

இப்போது சென்னையிலே வீட்டு நாய்க்கு லைசென்ஸ் கட்டணம் வருஷத்துக்கு 50 ரூபாய். ஊசி போட்ட அத்தாட்சி காட்டினால்தான் லைசென்ஸ். நாயின் தோலுக்கடியிலே அரிசிமணி அளவு ஒரு சில்லு வைக்கிறார்கள். நாய் எங்கே பிடிபட்டாலும் யாருடையது என்று அது காட்டிக்கொடுக்கும். லைசென்ஸ் எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் தீர்மானம் போட்டார்கள். கெடுவையும் தள்ளித் தள்ளி வைத்தார்கள்.

ஐம்பது ரூபாயிலே கார்ப்பரேஷனுக்குக் கஜானா நிரம்பப் போவதில்லை. நிரம்பவும் வேண்டாம். நிலத்துக்குச் சிட்டா, அடங்கல் வைத்திருக்கிறோம். அதிலே யாருடைய நிலம், என்ன பயிர் என்று எழுதியிருக்கிறது. நாய் லைசென்ஸும் அப்படி ஓர் அடங்கல்தான். யார் நாய், ஊசி போட்டாயிற்றா, எப்போது போட்டது என்று எழுதியிருந்தால் போதும். கட்டணம் சின்னதாக இருக்க வேண்டும். கட்டியவனுக்கு ஊசி கைமேல் கிடைக்க வேண்டும். அப்போது ஜனங்கள் தாங்களே வந்து எழுதிக்கொள்வார்கள். கட்டணத்தைக் கூட்டி அபராதத்தை மட்டும் காட்டினால், நாயைக் கொண்டுபோய் எண்ணூர்ச் சாலையிலே இறக்கிவிட்டுப் போகிறவர்கள்தான் கூடுவார்கள்.

நம்ம ஊர் நாய் யாருடையது?

இது பட்டணத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். நம்ம ஊர் நாயை நினைத்துப் பாருங்கள். காலையிலே ஒரு வீட்டுக் கஞ்சி, மத்தியானம் டீக்கடை வாசல், ராத்திரி இன்னொருவர் களத்திலே காவல். "இது யார் நாய்?" என்று கேட்டால் எல்லாரும் கை காட்டுவார்கள், யாரும் தன்னுடையது என்று சொல்லமாட்டார்கள். காவலுக்கு எல்லாருக்கும் சொந்தம். ஊசி என்றால் யாருக்கும் சொந்தமில்லை. ராயபுரத்திலே கடித்ததும் அப்படிப்பட்ட நாய்தான்.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்திலே தெருநாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதை அறிவீர்கள். விவசாயிகள் செத்த ஆட்டைத் தூக்கிவந்து போராடினார்கள். 2025-இல் அரசு நஷ்டஈடு அறிவித்தது. நஷ்டஈடு வந்தால் நல்லதுதான். ஆனால் கோழிக்கழிவையும் செத்த பிராணியையும் ஓடைக்கரையிலே கொட்டுகிற வரைக்கும் நாய்க்கூட்டம் குறையாது. ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

மாட்டை வெறிநாய் கடித்தாலும் வெறிநோய் வரும். மாடு காரணம் இல்லாமல் கரகரத்த குரலில் கத்தும், எச்சில் ஒழுகும், தீனியை விழுங்க முடியாமல் திணறும். தொண்டையிலே ஏதோ சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கையை விட்டுப் பார்க்கிறோமே, அதுதான் பெரிய ஆபத்து. கையை விடாதீர்கள். கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள். மாட்டை நாய் கடித்தது தெரிந்தால், நோய் தலைகாட்டும் முன்பே ஊசி போட்டால் மாட்டைக் காப்பாற்றலாம்.

மனுஷரைக் கடித்தால், பிறாண்டினால்கூட, உடனே குழாயடியிலோ பம்புசெட்டிலோ ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். கட்டுப்போடவும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் வந்த கடியானால் காயத்தைச் சுற்றிப் போடுகிற தனி மருந்தும் உண்டு, அதையும் கேளுங்கள். முதல் ஊசியோடு நிறுத்தாமல் சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். மந்திரம், பச்சிலை என்று நாளைக் கடத்தாதீர்கள். தண்ணீரைக் கண்டு பயப்படுகிற நிலை வந்துவிட்டால் பிறகு எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. சாகிறவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நாய் பிறாண்டியதைச் சொன்னால் அடிப்பார்கள் என்று பிள்ளை மறைத்துவிடும். அதட்டாமல் கேளுங்கள்.

முடிவாக ஒன்று சொல்கிறேன். அடுத்த கிராமசபைக் கூட்டத்திலே ஊர் நாய்களைக் கணக்கெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். தெருவாரியாக நாய்களை எழுதி, எந்த வீட்டுக்காரர் பிடித்துக்கொடுப்பார் என்பதையும் எதிரே எழுதுங்கள். பிறகு கால்நடை டாக்டரை ஊருக்கு அழையுங்கள். ஒரே நாளிலே மொத்த நாய்க்கும் ஊசி போட்டுவிடலாம். அதையே வருஷா வருஷம் செய்யுங்கள். பட்டணத்தார் நூற்று முப்பது வருஷம் கொன்று பார்த்தும் காணாத பலனை ஒரு நோட்டுப் புத்தகமும் ஊசியும் தரும்.

இன்றைக்குச் சாயங்காலம் களத்துக்குப் போகும்போது உங்கள் பின்னாலேயே ஒரு நாய் வரும். அதற்கு ஊசி போட்டாயிற்றா என்று யோசியுங்கள். போடவில்லை என்றால் அதன் பெயருக்கு எதிரே உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.